140 மி.மீ. டிராவல் உள்ள டிரெயில் சைக்கிள் வேரிலும் பாறையிலும் உண்மையில் என்ன செய்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாமல், 100 மி.மீ. அமுங்கும் முன் ஃபோர்க் மட்டும் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிளில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலைப்பாதையில் ஓட்டுகிறீர்கள். பாறைச் சரிவுகளில் பின்சக்கரம் துள்ளுகிறது, பாதி வழியிலேயே கைகள் மரத்துப்போகின்றன. முன்னும் பின்னும் 140 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம்) கொண்ட சஸ்பென்ஷன் உள்ள டிரெயில் சைக்கிள் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா, ஏற்றத்தில் மிதிக்கும் வலு வீணாகுமா என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் "சோபாவில் உட்கார்ந்ததுபோல இருக்கும்" என்றாராம். நண்பரோ "163 மீட்டர் உயரமுள்ள குன்றுக்கு எதற்கு இவ்வளவு?" என்றாராம். இரண்டு பேரும் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் அறிய விரும்புவது, பின்பக்க சஸ்பென்ஷன் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதில் எவ்வளவு உங்கள் பழைய சைக்கிளிலேயே செலவில்லாமல் கிடைக்கும் என்பதைத்தான். ஃபோர்க்கையும் ஷாக்கையும் (பின்சக்கரத்துக்கான ஸ்பிரிங் அமைப்பு) பிரித்துப் பூட்டுவது பல ஆண்டுகளாக என் தொழில். ஓய்வு நாளில் ஓட்டுவதும் அதே பாதைகளில்தான். ஆனால் உங்கள் சைக்கிளை நான் பார்த்ததில்லை. ஆகவே சஸ்பென்ஷன் வேலை செய்யும் விதத்தைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் கைமரப்பைப் பற்றிச் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு வேரை எடுத்துக்கொள்வோம். பாதைக்குக் குறுக்கே, 6 செ.மீ. உயரத்தில், மழையில் மண் அரித்துப்போய் விளிம்பு தெரிய நிற்கும் வேர். ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் அதில் மோதும்போது டயர் கொஞ்சம் நசுங்குகிறது. மிச்ச உயரத்தைச் சக்கரம் ஏறித்தான் ஆகவேண்டும். சக்கரமும் ஃபிரேமும் ஒரே கட்டு என்பதால் சக்கரம் ஏறும்போது ஃபிரேமின் பின்பாதியும், பெடல் மேல் நிற்கும் உங்கள் கால்களும் சேர்ந்து மேலே போகின்றன. அந்த எடையைத் தூக்கும் வலு உங்கள் வேகத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால்தான் ஒவ்வொரு வேரும் சைக்கிளைப் பின்னால் பிடித்து இழுப்பதாகத் தோன்றும். வேரைத் தாண்டிய சக்கரம் உடனே இறங்குவதும் இல்லை. மேலே எறியப்பட்டுவிட்டதால் கொஞ்ச தூரம் காற்றில் போய்த்தான் விழுகிறது. அந்தக் கணத்தில் பின்டயருக்கும் தரைக்கும் தொடர்பே கிடையாது. பிரேக் பிடித்துப் பயனில்லை, திருப்பினால் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்டு போகும். நீங்கள் துள்ளல் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

முன்னும் பின்னும் அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷனில் அதே வேரின் மேல் சக்கரம் மட்டும் ஏறுகிறது. சக்கரம், டயர், கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), சக்கரத்தைத் தாங்கி அசையும் பின்கையின் ஒரு பகுதி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 4 கிலோ. அதற்கு மேலே இருக்கும் ஃபிரேமும் நீங்களுமாகச் சேர்ந்த 85, 90 கிலோ பெரிதாக அசையாமல் தன் வழியில் போகிறது. வேர் முடிந்ததும் ஸ்பிரிங் அந்த 4 கிலோவைத் தரைக்குத் திருப்பித் தள்ளுகிறது. பள்ளத்திலும் இதே கதை. நீங்கள் சைக்கிள் மேல் ஏறி நின்றதுமே ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியிருக்க வேண்டும். இதைச் சாக் என்பார்கள். 140 மி.மீ.இல் 30 சதவீதம் சாக் வைத்தால், சக்கரம் 42 மி.மீ. கீழே இறங்கவும் 98 மி.மீ. மேலே ஏறவும் இடம் இருக்கிறது. பள்ளம் வரும்போது ஃபிரேம் விழுவதற்கு முன் சக்கரம் இறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிடும். இந்தக் கீழிறக்கத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. சஸ்பென்ஷன் என்றால் இடியைத் தாங்குவது என்ற எண்ணம்தான் பரவலாக இருக்கிறது. டயர் தரையோடு இருக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் அதன் முதல் வேலை. பிரேக், திருப்பம், மிதி மூன்றுக்கும் அந்தத் தொடர்புதான் மூலதனம். சொகுசு பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது வேகத்தைச் சேருங்கள். மணிக்கு 20 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 5.5 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு வேர் இருந்தால் நொடிக்கு 11 மோதல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தில் ஒரு நொடிகூட இல்லை. அமுங்கிய சக்கரம் அதற்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். அது எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை ஷாக்கின் உள்ளே சிறு துளைகள் வழியாக ஓடும் எண்ணெய் கட்டுப்படுத்துகிறது. வெளியே அதற்கு ரீபவுண்ட் திருகு இருக்கிறது. பெரும்பாலான ஷாக்குகளில் அது சிவப்பு நிறத்தில் இருக்கும். திரும்பும் வேகத்தை அதிகம் குறைத்துவிட்டால், முதல் வேரில் அமுங்கிய சக்கரம் முழுதாக வெளியே வருமுன் இரண்டாவது வேர் அதை மேலும் உள்ளே தள்ளும். நாலைந்து வேர்களுக்குள் உங்கள் 140 மி.மீ. சைக்கிளில் பாதி டிராவல்கூட மிச்சம் இருக்காது. மிச்சம் இருப்பதும் ஸ்பிரிங்கின் மிகக் கடினமான பகுதியாக இருக்கும். அதிகம் வேகப்படுத்திவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சீட் உங்களை மேலே உதைக்கும். "இவ்வளவு செலவழித்தும் உதறுகிறதே" என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தச் சிவப்புத் திருகு தொடப்படாமலே இருக்கும், அல்லது கடைசி முனைவரை முறுக்கப்பட்டிருக்கும். திருகை இரண்டு, மூன்று சொடுக்கு திறந்துவிட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

கைக்குத் தெரியும் நுண்ணிய நடுக்கம் வேறு சங்கதி. சரளையிலும் உடைந்த கருங்கல் துண்டுகளிலும் வரும் சின்னச் சின்ன அதிர்வை ஃபோர்க்கும் ஷாக்கும் ஓரளவுதான் வாங்கும். சீல்களின் உராய்வைத் தாண்டி அவை அசைவதற்குக் குறைந்தபட்ச விசை வேண்டும். அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் வாங்குவது டயர். காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ இருக்கும் டயரோடு விலையுயர்ந்த ஃபுல் சஸ்பென்ஷன் ஓட்டுகிறவரைவிட, 24 பிஎஸ்ஐ வைத்த ஹார்ட்டெயில்காரருக்குக் கை வலி குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு.

எதைச் செய்யாது என்பதும் அதே அளவு தெளிவானது. மழைக்குப் பிறகு நம் காட்டுப் பாதைகளில் வேர்கள் எப்படிப் பளபளக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சஸ்பென்ஷன் டயரை அந்த வேரின்மேல் அழுத்தி வைத்திருக்கும். வேரின் வழுக்கலைக் குறைக்காது. சாய்வாகக் கிடக்கும் ஈர வேரைச் சாய்ந்தபடி கடந்தால், டிராவல் 140 ஆனாலும் 200 ஆனாலும் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். அதை நிமிர்ந்து, செங்குத்தாக, பிரேக்கை விட்டுவிட்டுக் கடக்க வேண்டும் என்பது எந்த சைக்கிளிலும் மாறாத விதி. டயரின் ரப்பர் மென்மையும் பற்களின் அமைப்பும் இங்கே கொஞ்சம் உதவும், ஷாக் உதவாது. களிமண் ஒட்டிப் பற்கள் அடைபட்ட டயருக்கும் இதுவே பொருந்தும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் முழங்காலும் முழங்கையும் மடங்கும்போது கிடைக்கும் அசைவு 30 செ.மீ.க்கும் மேல், சைக்கிள் கொடுப்பதோ 14 செ.மீ. சீட்டில் உட்கார்ந்தபடியே பாறைத்தொகுதியில் இறங்குகிறவருக்கு ஃபுல் சஸ்பென்ஷனின் பலன் பாதிகூடக் கிடைக்காது. நின்று, முழங்கால் மடக்கி, பாதங்களில் எடையை வைத்து ஓட்டத் தெரிந்தவர் ஹார்ட்டெயிலிலேயே நன்றாக இறங்கிவிடுவார். அவர் தன் உடம்பையே சஸ்பென்ஷனாக்கி, அடியில் 13 கிலோ சைக்கிளை மட்டும் ஏறி இறங்க விடுகிறார். அதே 13 கிலோவுக்குப் பதில் 4 கிலோ என்பதுதான் பின்பக்க ஷாக் அவருக்குக் கொடுக்கும் கூடுதல் வசதி.

புது டிரெயில் சைக்கிளில் இறங்கிப் பார்த்துவிட்டு வியக்கிறவர்கள் பெரும்பாலும் சஸ்பென்ஷனைப் புகழ்வார்கள். அந்தப் புகழில் நல்ல பங்கு ஃபிரேமின் வடிவத்துக்குச் சேர வேண்டும். உங்களுடையது போன்ற பழைய 100 மி.மீ. ஹார்ட்டெயிலில் ஃபோர்க் நுழையும் முன்பக்கக் குழாய் தரையோடு செய்யும் கோணம் 68, 69 டிகிரி இருக்கும். இன்றைய டிரெயில் சைக்கிள்களில் அது 65, 66. முன்சக்கரம் உங்களுக்கு இன்னும் முன்னால் இருப்பதால் செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புறப் போய்விடுவோமோ என்ற பயம் குறைகிறது. இதில் ஹார்ட்டெயிலுக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. ஃபோர்க் 20 மி.மீ. அமுங்கினால் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். ஒரு குழிக்குள் முன்சக்கரம் விழுந்து ஃபோர்க் 80 மி.மீ. அமுங்கினால், 68 டிகிரி சைக்கிள் அந்தக் கணத்தில் 72 டிகிரி ஆகிவிடுகிறது. கைப்பிடி தொட்டாலே திரும்பிவிடுகிறது, மனம் பதறுகிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் பின்பக்கமும் சேர்ந்து அமுங்கும்போது கோணம் அவ்வளவு மாறாது. பாறைத்தொகுதியில் அது தடுமாறாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆனால் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடிக்கும்போது எடை முன்னால் போய், ஃபோர்க் அமுங்கி, பின்பக்கம் எழும்பும். அப்போது இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய வடிவில் வரும் ஹார்ட்டெயில்களும் இப்போது 65 டிகிரி கோணத்தோடு, நீளமான ஃபிரேமோடு, ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்ற உதவும் டிராப்பர் போஸ்டோடு வருகின்றன. அப்படி ஒன்றை நீங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை என்றால், ஷாக்குக்காக மட்டும் பணம் கொடுக்குமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றத்தில் வலு வீணாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உறுதியானது இது: நீங்கள் மிதிக்கும்போது எடை பின்னால் சாயும், அதனால் பின்பக்கம் அமுங்கப் பார்க்கும். அதே நேரம் செயினின் இழுவிசை பின்சக்கரத்தை வெளியே தள்ளப் பார்க்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டும்படி லிங்கேஜின் (பின்சக்கரத்தை ஃபிரேமோடும் ஷாக்கோடும் இணைக்கும் அசையும் கைகள்) அச்சுகளை அமைப்பதுதான் கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் பொறியாளர்கள் செய்த பெரிய வேலை. உட்கார்ந்து சீராக மிதித்தால் இன்றைய நல்ல டிரெயில் சைக்கிள் அதிகம் ஆடாது. நின்று, உடம்பை ஏற்றி இறக்கி மிதித்தால் ஆடும். அப்போது ஷாக்கில் உள்ள ஏற்ற நெம்புகோலைத் திருப்பி விறைப்பாக்கிக்கொள்ளலாம். தார்ச்சாலையிலும் வழுவழுப்பான ஏற்றத்திலும் ஹார்ட்டெயில் விறுவிறுப்பாகத் தெரியும், எடையும் ஒன்றிரண்டு கிலோ குறைவாக இருக்கும். வேரும் கல்லுமான ஏற்றத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே பின்டயர் தரையைவிட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு மிதி வீணாகிறது. ஹார்ட்டெயிலில் ஒவ்வொரு வேருக்கும் சீட்டிலிருந்து இடுப்பைத் தூக்கி எடையை விடுவித்துக் கொடுக்க வேண்டும்; ஃபுல் சஸ்பென்ஷனில் உட்கார்ந்தபடி மிதித்துக்கொண்டே போகலாம்.

மொத்தக் கணக்கில் எது மிச்சம் என்பது அவ்வளவு தெளிவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஆக்ஸிஜன் செலவை அளந்து பார்த்தவர்களின் முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. பாதை எப்படி, வேகம் எவ்வளவு, எந்த சைக்கிள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பந்தயக்காரர்கள் போன திசை ஒரு துப்பு. ஒலிம்பிக் கிராஸ்கன்ட்ரி போட்டியில் 2004லும் 2008லும் பிரான்சின் ஜூலியன் அப்சலோன் ஹார்ட்டெயிலில் தங்கம் வென்றார். 2012 லண்டனில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் வென்றார். அதன்பின் ரியோவில் நினோ ஷூர்ட்டர், தோக்கியோவிலும் பாரிஸிலும் டாம் பிட்காக் என்று ஆடவர் தங்கம் முழுவதும் ஃபுல் சஸ்பென்ஷனுக்கே போனது. நொடிக்கணக்கில் வெல்கிற ஆட்கள் சொகுசுக்காக எடை கூடிய சைக்கிளை எடுக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடையது 100 முதல் 120 மி.மீ. டிராவல் கொண்ட, 10, 11 கிலோ பந்தய சைக்கிள். உங்களுக்குக் கடையில் காட்டியது 15 கிலோ அலுமினிய டிரெயில் சைக்கிளாக இருக்கும். அந்த முடிவை இதன் மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது.

ஏற்றத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு தொல்லை இருக்கிறது: பெடல் கல்லில் தட்டுவது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சு தரையிலிருந்து 340 மி.மீ. உயரத்தில் என்று பட்டியலில் போட்டிருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் சாக் சேர்ந்து அது 300ஐ நெருங்கிவிடும். அதில் கிராங்கின் நீளத்தையும் பெடலின் பருமனையும் கழித்துப் பாருங்கள், மிச்சம் 12 செ.மீ. போல. மிதிக்கும் நேரத்தில் பின்சக்கரம் ஒரு மேட்டில் அமுங்கினால் அதுவும் சுருங்கும். ஹார்ட்டெயிலில் பழகிய கால் எந்தக் கல்லுக்கு நடுவே மிதிக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். புது சைக்கிளில் அந்தக் கணக்கு தப்பும். முதல் சில வாரங்கள் பெடல் கல்லில் அடித்து நீங்கள் திடுக்கிடுவீர்கள். முழுச்சுற்று மிதிக்காமல், கால்பங்கு முன்னும் பின்னுமாக அசைத்து மிதிக்கும் பழக்கம் வந்துவிட்டால் சரியாகிவிடும். 175 மி.மீ. கிராங்குக்குப் பதில் 165 போட்டுக்கொள்வதும் உதவும். அந்த ஒரு செ.மீ. கற்பாதையில் நன்றாகவே தெரிகிறது.

லிங்கேஜ் சண்டைக்குள் நான் அதிகம் போகப்போவதில்லை. ஒற்றை அச்சு, நான்கு இணைப்பு, இரட்டைக் குறு இணைப்பு என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடையதே சிறந்தது என்கிறது. செயின் விசையை அதிகம் பயன்படுத்தி ஏற்றத்தில் விறைப்பாக நிற்கும் வடிவமைப்பில், சக்கரம் அமுங்கும்போது செயின் இழுபட்டுப் பெடலைப் பின்னுக்குத் தள்ளும் என்பது வடிவியல். அதில் விவாதம் இல்லை. அது காலுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதில்தான் விவாதம். வேகமான இறக்கத்தில் பின்சக்கரம் விரைந்து சுழல்வதால் அந்தத் தள்ளல் பெரும்பாலும் காணாமல் போய்விடும். பிரேக் பிடித்தபடி மெதுவாகக் கல்லில் இறங்கும்போது தெரியும். அதேபோல் "பின் பிரேக் பிடித்தால் சஸ்பென்ஷன் இறுகிவிடும்" என்ற பேச்சு உண்டு. பிரேக் விசை லிங்கேஜைப் பாதிக்கிறது என்பது உண்மை. அளவு வடிவமைப்புக்கு வடிவமைப்பு மாறும். ஆனால் ஓட்டுகிறவர் உணரும் இறுக்கத்தில் பெரும்பகுதி, எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் இலேசாகிவிடுவதால் வருகிறது என்பது என் கருத்து. அளந்து நிரூபித்தது அல்ல, ஓட்டியும் கழற்றியும் வந்த கருத்து. இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், சரியாகக் காற்றடித்த ஷாக்குக்கும் தவறாகக் காற்றடித்த ஷாக்குக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியவை.

ஆகவே அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. 130, 140 மி.மீ. டிராவல் கொடுக்கும் ஷாக்கின் தண்டு உள்ளே போகும் தூரம் 50, 55 மி.மீ.தான், மிச்சத்தை லிங்கேஜ் பெருக்கிக் கொடுக்கிறது. தண்டின் மேல் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். தலைக்கவசம், தண்ணீர்ப்பை, காலணி எல்லாம் அணிந்துகொள்ளுங்கள். ஷாக்கின் நெம்புகோலை முழுத் திறப்பில் வையுங்கள். சுவரோரம் ஏறி இரண்டு பெடலிலும் நின்று, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, அசையாமல் நிற்கும்போது நண்பர் ஒருவர் வளையத்தைச் சீலை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். பிறகு துள்ளாமல், மெதுவாக இறங்குங்கள். 50 மி.மீ. தண்டில் வளையம் 14, 15 மி.மீ. தள்ளி நின்றால் 30 சதவீதம், சரி. 8 மி.மீ.இல் நின்றால் காற்று அதிகம். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடமே இல்லை. 20ஐத் தாண்டினால் காற்று போதாது. பெடல் கல்லில் தட்டிக்கொண்டே இருக்கும். ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதும். சைக்கிளுக்குச் சாதாரணமாகக் காற்றடிக்கும் பம்பு இதற்கு உதவாது. குறைந்த கொள்ளளவும் அதிக அழுத்தமும் கொண்ட ஷாக் பம்பு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்து வரும்போது வளையத்தைப் பாருங்கள். அன்றைய மிக மோசமான மோதலில் தண்டின் கடைசிவரை அது போயிருக்கலாம், போகவும் வேண்டும். எப்போதும் பாதித் தூரத்திலேயே நின்றால், நீங்கள் 140க்குப் பணம் கொடுத்துவிட்டு 70 மி.மீ. ஓட்டுகிறீர்கள்.

இதையே உங்கள் இப்போதைய ஹார்ட்டெயிலில் செய்து பார்க்கச் சொல்வேன். உங்கள் கைமரப்புக்கு நான் சந்தேகப்படும் முதல் ஆள் டயர், இரண்டாவது ஃபோர்க். ட்யூப் போட்ட டயரில் அழுத்தத்தைக் குறைத்தால் ரிம் கல்லில் மோதி ட்யூப் இரண்டு பக்கமும் கிழியும் என்பதால் நம் ஆட்கள் 35, 40 என்று ஏற்றி வைத்திருப்பார்கள். ட்யூப் இல்லாத முறைக்கு மாறி, 2.4 அங்குல டயர் உங்கள் ஃபிரேமில் நுழையுமானால் அதைப் போட்டு, நீங்கள் எழுதிய 78 கிலோ உடல் எடைக்கு முன்னால் 22, 23, பின்னால் 25, 26 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ரிம் கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் இரண்டு ஏற்றுங்கள். ஃபோர்க் கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது என்று நினைவில்லை என்றால் அதன் பொருள், காலம் கடந்துவிட்டது என்பதுதான். இந்த ஈரப்பத ஊரில் உள்ளே எண்ணெய் வற்றி, சீல் இறுகி, 100 மி.மீ. ஃபோர்க் 60 மி.மீ.க்கு மேல் அசையாமல் நிற்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். மூன்றாவதாக, பிரேக் நெம்புகோல் ரொம்பக் கீழே சாய்ந்திருக்கிறதா, இறங்கும்போது கைப்பிடியை நெரிக்கிறீர்களா என்று பாருங்கள். எடை பாதத்தில் இருந்தால் கை இலேசாகும். இவை எல்லாம் சரியாக இருந்தும், ஓட்டி முடித்த பின்னும் நெடுநேரம் விரல்கள் மரத்திருந்தால் அது மணிக்கட்டு நரம்பு சார்ந்ததாக இருக்கலாம். அதை மருத்துவர் பார்க்க வேண்டும், மெக்கானிக் அல்ல.

இத்தனையும் செய்த பிறகு கைத்தொல்லை பெருமளவு குறையும் என்று எதிர்பார்க்கிறேன். பின்சக்கரத் துள்ளல் கொஞ்சம்தான் குறையும். அது மிச்சமிருந்து, அதுதான் உங்களை வேகமெடுக்க விடாமல் தடுக்கிறது என்றால், ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 140 வேண்டுமா என்பதில் நான் உங்கள் நண்பர் பக்கம் பாதி சாய்கிறேன். புக்கிட் தீமாவில் இறக்கங்கள் குறுகியவை. ஒவ்வொன்றும் முடிந்ததும் உடனே ஒரு முரட்டு ஏற்றம். அருகிலுள்ள செஸ்நட் பூங்காவின் பாதைகள் பெரும்பகுதி இன்னும் மென்மை. இங்கே முன்னால் 130, பின்னால் 120 உள்ள சைக்கிள் போதும். எழுப்புவதற்கும் திருப்புவதற்கும் அது சுறுசுறுப்பாக இருக்கும். புலாவ் உபின் தீவில் கெத்தாம் குவாரியைச் சுற்றியுள்ள பாதையில் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான பகுதிகளுக்கு அடிக்கடி படகேறிப் போகிறவர், அல்லது விடுமுறைக்கு நியூசிலாந்தின் ரோட்டோருவா, குவீன்ஸ்டவுன் பக்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவர் என்றால் 140 சரி. டிராவல் கூடக் கூட, பாதையின் சுவையும் கொஞ்சம் மழுங்கும். முன்பு மூச்சைப் பிடித்து இறங்கிய கல்வரிசை, கவனமே இல்லாமல் கடந்துபோகும் இடமாகிவிடும். சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு அலுப்பு. இன்னொரு விளைவும் உண்டு: சைக்கிள் அனுமதிப்பதால் வேகம் கூடும், விழுந்தால் விழும் வேகமும் கூடும். முழங்கால் கவசத்தையும் அதே பில்லில் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்புச் செலவைக் கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கும் ஷாக்கின் காற்றறைக்கும் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெயும் சீலும் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பலரின் கணக்கு. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நாலு மாதத்துக்கு ஒருமுறை. லிங்கேஜில் பேரிங்குகள் எட்டோ பத்தோ இருக்கும். சேறும் ஈரமும் உள்ள இந்த ஊரில் அவை உழைக்கும் காலம் குறைவு. உயர் அழுத்தத் தண்ணீர்க்குழாயை அவற்றின் மேல் பாய்ச்சினால் இன்னும் குறையும். பழைய சைக்கிள் வாங்குவதானால், பின்னால் நின்று சீட்டைப் பிடித்து மெதுவாக ஒரு விரற்கடை தூக்கி விடுங்கள். சக்கரம் தரையிலிருந்து எழுமுன் 'டக்' என்று ஒரு தளர்வு கையில் தெரிந்தால் பேரிங்கோ ஷாக்கின் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஷாக் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் காற்று நிற்காது. இந்த இரண்டும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்து, நீங்கள் வழக்கமாகத் திணறும் அதே பாறைத் துண்டில், அதே டயர் அழுத்தத்தில், சாக் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள். முதல் இறக்கத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அப்போது புதுமையின் மயக்கம் இருக்கும். வேர்கள் நிறைந்த ஏற்றத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். வந்தபின் ரப்பர் வளையம் நின்ற இடம், ஷாக்கின் அழுத்தம், ரீபவுண்ட் எத்தனையாவது சொடுக்கு என்ற மூன்றையும் இங்கே எழுதினால் அடுத்து எதைத் தொடலாம் என்று சொல்கிறேன்.